நாடாக் கட்டில்

“இத மொதல்ல யாருப்பா செஞ்சாங்க?”

சின்ன வயதில் நிர்மலா எதைக் கண்டாலும் இப்படித்தான் கேட்பாள். குடையைக் கண்டாலும் கேட்பாள், பூட்டைக் கண்டாலும் கேட்பாள். இட்லித் தட்டின் ஓட்டைகளை விரலால் தொட்டுக்கொண்டே கேட்பாள். அப்பா சக்கரபாணிக்கு எதற்கும் பதில் தெரியாது. “யாரோ ஒருத்தரு” என்பார். “அவருக்கு முன்னாடி?” “அவருக்கு முன்னாடி இன்னொருத்தரு. ஆறிப்போவுது, சாப்புடு.”

அந்த அப்பாவின் தோள்களுக்கு அடியில் இப்போது அவள் இரண்டு கைகளையும் கொடுத்திருந்தாள். கால்மாட்டில் தம்பி அருள்முருகன் நின்றான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் அக்கா ஆயம்மா தரையில் கோரைப்பாயை விரித்து, அதன் மேல் ஒரு பழைய வேட்டியை மடித்துப் போட்டாள்.

“மெதுவா எறக்குங்க. தலை தெக்கால இருக்கட்டும்.”

“அத்தை, மூச்சு வந்துக்கினுதான இருக்கு. கட்டில்லியே இருக்கட்டுமே” என்றாள் நிர்மலா.

“காதுமடல் தொங்கிப்போச்சு பாரு. எனக்குத் தெரியாதா? கட்டில்ல உயிரு போவக்கூடாது. உங்கம்மாளையும் தரையிலதான போட்டோம்.”

“தரையில போட்டா இடுப்புல புண்ணு வந்துரும் அத்தை. இத்தினி மாசமா ஒரு புண்ணு வராம பாத்திருக்கேன்.”

 ஆயம்மா கோபமில்லாமல் சொன்னாள். “இனிமே என்னாத்துக்குமா புண்ணு வரப்போவுது.”

இறக்கினார்கள். அப்பா முனகக்கூட இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது இடுப்பெலும்பு பாயைக் குத்திக்கொண்டு நின்றது. நிர்மலா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எலும்புக்கும் தரைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்துக்கொண்டாள். கை மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை. ஆயம்மா நெற்றியில் திருநீறு பூசி “முருகா, முருகா” என்று காதில் சொன்னாள். அருள்முருகன் கரண்டியில் பால் விட்டான். கடைவாயில் வழிந்தது. அதன் பிறகு எப்போது மூச்சு நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆயம்மாதான் மூக்கினடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நிர்மலாவுக்கு அழுகை வரவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்து போய், கட்டிலின் ஒரு கொக்கி சரியாக விழாமல் இருந்ததை அழுத்திவிட்டாள். ஏன் அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கட்டில் மற்ற கட்டில்களைப் போன்றது அல்ல. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் அகலமான பருத்தி நாடாக்கள் குறுக்காக மட்டும் ஓடும். நெடுக்காக நாடா கிடையாது. ஒவ்வொரு நாடாவின் முனையும் சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் ஒன்றில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சக்கரத்தின் கொக்கியை விரலால் தூக்கினால் அந்த ஒரு நாடா மட்டும் தளரும். படுத்திருப்பவரைப் புரட்டாமலே இடுப்புக்கோ முதுகுக்கோ காற்று கொடுக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து அதை இறுக்கிவிட்டு அடுத்ததைத் தளர்த்தலாம்.

அவர்கள் குடியிருந்த நெல்லித்தோப்பில் அதற்குச் சக்கரபாணி கட்டில் என்றே பெயர். தறி ஓட்டிக்கொண்டிருந்த மில் மூடிய பிறகு அவர், வெல்டிங் பட்டறை வைத்திருந்த ராஜ்கமலைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, இதே மாதிரி இன்னும் சிலவற்றைச் செய்தார். விற்கவில்லை. யார் வீட்டில் ஆள் படுத்தாலும் வந்து எடுத்துப்போவார்கள். வேலை முடிந்தால் கட்டில் திரும்பி வரும். வேலை முடிவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ராஜ்கமல் தன் பங்குக்கு சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டி, தலைமாட்டில் நின்றபடியே நாடாவைத் தளர்த்துகிற மாதிரி ஒன்றைச் செய்தான். சக்கரபாணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “இது எனக்குத் தோணலியே” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாராவது பாராட்டினால் அவர் தவறாமல் ஒன்று சொல்வார். “நான் ஒண்ணும் புதுசா பண்ணல. வீராயி போட்ட முடிச்ச எடுத்து தறிச் சக்கரத்துல மாட்டினேன். அவ்ளோதான்.” கேட்டவர்கள் சிரிப்பார்கள். எவ்வளவு அடக்கம் என்பார்கள். யார் அந்த வீராயி என்று ஒருவரும் கேட்டதில்லை.

வீராயி அதே மில்லில் நூல் சுற்றும் இடத்தில் வேலை பார்த்தவள். அவள் புருஷன் சின்னக்கண்ணு மூட்டை இறக்கும்போது விழுந்து, முதுகெலும்பு போய்ப் படுத்துவிட்டான். பார்க்கப் போன சக்கரபாணி, அவள் வீட்டு நாடாக் கட்டிலில் நெடுக்கு நாடா முழுவதையும் உருவி எறிந்திருப்பதைக் கண்டார். அவரோடு பேசிக்கொண்டே அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள், இன்னொன்றைக் கட்டினாள். ராத்திரியிலும் இதே வேலையா என்று கேட்டார். “தூங்குனா அவருக்குப் புண்ணு வருதுண்ணே” என்று சொல்லி, தோலுரிந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த விரல்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்குத் தறியில் துணியை இறுக்கும் பல்சக்கரம் நினைவுக்கு வந்தது. “மொதக் கட்டில் உனக்குத்தான் வீராயி” என்று சொல்லியனுப்பினார். கட்டில் முடிவதற்குள் சின்னக்கண்ணு போய்விட்டான்.

“எனக்கு எதுக்குண்ணே இப்ப? ஆவறவங்களுக்குக் குடுங்க. தேவப்படறப்ப நானே கேக்கறேன்” என்று வீராயி சொல்லிவிட்டாள். பிறகு அவள் கேட்கவே இல்லை. உப்பளம் பகுதியில் மகளோடு இருக்கிறாள் என்பது வரை தெரியும். வாய் குழறிப் படுக்கையில் விழுந்த பிறகும் அப்பா இரண்டொரு முறை நிர்மலாவிடம் சொன்னார். “வீராயிக்கு நான் ஒரு கட்டில் பாக்கி.”

அவர் படுத்திருந்தது அந்த முதல் கட்டிலில்தான். மற்றவை எல்லாம் வெளியே யார் யார் வீட்டிலோ இருந்தன.

*

வாசலில் சாமியானா போட்டார்கள். ஐஸ் பெட்டி வந்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம், பெட்டி எதற்கு என்று ஆயம்மா சொன்னாள். வந்ததைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அதன் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. நிர்மலா தலைமாட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்த பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“அழுதுருமா. உள்ளயே வச்சிருக்காத” என்றாள் எதிர்வீட்டு துர்கா.

“வரல துர்கா” என்றாள் நிர்மலா.

கண்ணீர் அஞ்சலி பேனர் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் அதைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் சலசலப்பு கேட்டது. மேலே அப்பாவின் படம். பக்கத்தில் எரிகிற விளக்கு, பறக்கிற புறா. ‘கட்டில் கண்டுபிடித்த விஞ்ஞானி’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, ‘எங்களைத் துயரில் ஆழ்த்திச் சென்ற அன்பு அம்மையாருக்கு’.

“யோவ், எங்கப்பா உனுக்கு அம்மையாரா?” என்றான் அருள்முருகன்.

பேனர்க்காரன் நாக்கைக் கடித்தான். “சாரம் ஏரியால போன வாரம் ஒரு ஆயாவுக்கு அடிச்சதுண்ணே. பேரு மாத்தினேன், போட்டோ மாத்தினேன், அந்த ஒரு லைன விட்டுட்டேன்.”

“மனுசன் சாவறதுக்குக்கூட அடுத்தவங்க பேனர்லதான் சாவணுமா?” என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வரிக்கு மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார்கள்.

அருள்முருகன் உள்ளே வந்து அக்காவைப் பின்கட்டுக்கு அழைத்தான். அவன் தவளக்குப்பத்தில் குடியிருந்தான். கம்பெனியில் ஷிப்ட் வேலை. காலையிலிருந்து அழுததில் கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அப்பா படுத்த கட்டில ராஜ்கமல் அண்ணன் கிட்ட குடுத்துராத. நாளைக்குக் காலைல பால் தெளிச்சதும் காலேஜ் வேன் வருது.”

“எந்தக் காலேஜு?”

“அன்னிக்கே சொன்னேன்ல, இஞ்சினியரிங் காலேஜ்ல கண்காட்சி வைக்கறாங்க. நம்ம ஊர்ல புதுசா எதுனா கண்டுபுடிச்சவங்களதெல்லாம் வைக்கறாங்க. முடிஞ்சப்புறமும் அங்கியே கண்ணாடிக்குள்ள இருக்கும். அப்பா போட்டோ மாட்டுவாங்க.”

“ஆளு படுக்கற கட்டில கண்ணாடிக்குள்ள வச்சு என்னாடா பண்றது?”

“ஒண்ணே ஒண்ணுதான அக்கா. மத்ததெல்லாம் ஊர்ல சுத்திக்கினுதான இருக்கு.” அவன் குரல் உடைந்தது. “மில்லு மூடறப்ப ஒரு சால்வகூட யாரும் போடல அவருக்கு. கதவச் சாத்திட்டாங்க, அவ்ளோதான். பேராவது நிக்கட்டுமே.”

நிர்மலா துணிக்கொடியைப் பார்த்தபடி நின்றாள். அப்பாவின் பனியன் ஒன்று இன்னும் அதில் காய்ந்துகொண்டிருந்தது.

“வீராயி அத்தை பேரயும் சேத்துப் போடச் சொல்றியா?”

“அதப் போட்டா அப்பாவ என்னான்னு நெனைப்பாங்க? அடுத்தவங்களதப் பாத்து செஞ்சாருன்னு ஆயிராதா?”

“பாத்துதான செஞ்சாரு. அவரே ஊரெல்லாம் சொன்னாரே.”

“அவரு சொல்லுவாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது.” அருள்முருகன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நான் சரின்னு சொல்லிட்டேங்கா.”

 நிர்மலா தம்பியின் தலையில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்துப் போட்டாள். அவன் ஆசையில் கெட்டது எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. 

*

தப்பு மேளச் சத்தம் தெருமுனையில் ஆரம்பித்தபோது, ஒல்லியான ஒரு பெண் சாமந்தி மாலையோடு உள்ளே வந்தாள். மாலையைப் பெட்டியின் மேல் வைத்தாள். கண்ணாடியில் கையை ஊன்றிச் சற்று நின்றாள். யாரிடமும் போய் உட்காராமல் கதவோரம் ஒதுங்கிக்கொண்டாள். எங்கோ பார்த்த முகம். போன மாதம் ஒரு நாள் சாத்துக்குடிப் பையோடு வந்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனவள். மில் ஆட்கள் யார் வீட்டுப் பெண்ணோ என்று நினைத்து நிர்மலா காபி கொடுத்தாள், அவ்வளவுதான்.

“நீங்க...”

“நான் வீராயி மவ. தாமரைச்செல்வி.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மாமாவ எடுக்கற வரைக்கும் இருக்கணும்னுதான் நெனைச்சேன்கா. அம்மா தனியாக் கிடக்குது. நான் போவணும்.”

“அத்தைக்கு என்னா?”

“பாத்ரூம்ல விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சிருச்சி. இந்த வயசுல ஆபரேசன் தாங்காதுன்னுட்டாங்க. படுத்த படுக்கதான்.”

“எதுல படுத்திருக்காங்க?”

“தரையிலதான். பொடவைங்கள மடிச்சிப் போட்டிருக்கேன்.”

நிர்மலா அவளையே பார்த்தாள். “புண்ணு வந்திருச்சா?”

தாமரைச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

“போன மாசம் அதுக்குத்தான் வந்தியா?”

“ஆமாங்கா. அம்மாதான் சொல்லிச்சி, அண்ணன் தரேன்னு சொன்னாரு, போய்க் கேளுன்னு. வந்து பாத்தா மாமாவே அதுமேல படுத்துக்கினு இருந்தாரு. எப்புடிக் கேக்கறது? பழத்த வச்சிட்டு வந்துட்டேன். கட்டிலெல்லாம் வெளிய போயிருக்குதாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

பெட்டியின் மோட்டார் நின்றது. யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். “நேரமாச்சு, எடுங்க” என்று வாசலில் குரல் கேட்டது. நிர்மலா தாமரைச்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்தாள். “நீ இப்பப் போ. உப்பளத்துல வீடு எங்க?”

“பழைய துறைமுகத்துக்குப் போற ரோட்டுல, மாரியம்மன் கோயில் சந்துக்கா. நல்லதண்ணிக் குழா பக்கத்துல.”

அதற்கு மேல் பேச நேரமில்லை. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நிர்மலா கைநிறைய அரிசியை எடுத்து அப்பாவின் வாயருகில் போட்டாள். மீசையில் ஒரு மணி ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிட்டாள். அப்போதும் அழவில்லை.

ஆண்கள் தூக்கிக்கொண்டு கருவடிக்குப்பம் சுடுகாட்டுப் பக்கம் போனார்கள். பெண்கள் தெருமுனை வரை பின்னால் போய்த் திரும்பினார்கள். சங்கின் ஓசை மெயின் ரோட்டு ஹாரன்களில் கலந்து கரைந்தது.

*

வீட்டைக் கழுவிவிட்டார்கள். அப்பா கிடந்த இடத்தில் ஆயம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அவரோடு பாயும் தலையணையும் போய்விட்டன. கட்டில் மட்டும் அறையின் நடுவில் நின்றது. நிர்மலா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு அதன் பக்கத்தில் வந்து நின்றாள். காலையில் வேன் வந்துவிட்டால் கட்டில் கண்ணாடிக்குள் போய்விடும். அதன் பிறகு கேட்டு வாங்குவது நடக்கிற காரியமல்ல. இன்றைக்கே எடுத்துப்போகலாம் என்றால், சாவு விழுந்த வீட்டிலிருந்து, செத்தவர் படுத்திருந்த கட்டிலை, உடம்பு முடியாத ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போவதா? பதினாறாம் நாள் கருமாதி ஆகாமல் இந்த வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். அதுவரை வீராயியின் புண் காத்திருக்குமா?

“அத்தை.”

“ம்.”

“இந்தக் கட்டிலுக்குத் தீட்டு உண்டா?”

ஆயம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கதவோரம் நின்று தாமரைச்செல்வி பேசியது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். 

“என்னாத்துக்குத் தீட்டு? உயிரு தரையிலதான போச்சு. நான்தான எறக்கச் சொன்னேன்.” துண்டை உதறிக் கொடியில் போட்டாள். “கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன். வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ.”

காலையில் அப்பாவை இறக்கியபோது ஆயம்மாவின் மேல் வந்த வருத்தம் நிர்மலாவுக்கு நினைவு வந்தது. அவள் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

ஒவ்வொரு கட்டிலும் திரும்பி வந்ததும் அப்பா செய்கிற வேலை ஒன்று உண்டு. பழைய நாடாவை முழுக்க உருவி எரித்துவிடுவார். சட்டத்தை டெட்டால் தண்ணீரால் துடைத்து, மேலே திருநீறு தடவி, பிறகு வேறு நாடா ஏற்றுவார். “நாடா மாத்திட்டா கட்டிலு புதுசு” என்பார். நிர்மலா உட்கார்ந்து கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். நாடாக்கள் தளர்ந்து தொங்கின. இடுப்பு இருந்த இடத்தில் துணி பள்ளம் விழுந்து மெலிந்திருந்தது. எல்லாவற்றையும் உருவிச் சுருட்டிப் பின்கட்டில் வைத்துக் கொளுத்தினாள். சட்டத்தைத் துடைத்தாள். அலமாரியின் மேல், துவைத்து மடித்த நாடாக் கட்டு ஒன்று இருந்தது. வேறு யார் வீட்டிலோ கொஞ்ச நாள் மட்டும் புழங்கியது. அதை எடுத்துக்கொண்டாள்.

திருகுகளைக் கழற்றினால் சட்டம் நான்கு துண்டாகப் பிரியும். தெருமுனை லோடு ஆட்டோக்காரர் அதைத் தூக்கி வைக்கும்போது, சாவு வீட்டுச் சாமானா என்று கேட்கவில்லை. அவர் அம்மாவும் ஒரு மழைக்காலம் முழுக்க இதில்தான் படுத்திருந்தாள்.

*

உப்பளத்து வீடு ஒற்றை அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல். வீராயி சுவரோரம் கிடந்தாள். நிர்மலா நினைத்திருந்ததில் பாதிதான் இருந்தாள். கண் மூடியிருந்தது. முகம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

“மாத்திரை போட்டிருக்கேன்கா, அதான் கண்ணத் தொறக்கல” என்றாள் தாமரைச்செல்வி. இரும்புக் குழாய்களைப் பார்த்துவிட்டு அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். “மாமா படுத்ததாச்சேக்கா. நீங்க இன்னிக்கே...”

“உயிரு தரையிலதான் போச்சு. நாடாவும் மாத்தியாச்சு. உனக்கு மனசு ஒப்பலன்னா சொல்லு, எடுத்துக்கினு போயிடறேன்.”

“ஐயோ, அதுக்கில்ல.” தாமரைச்செல்வி குனிந்து ஒரு குழாயைத் தூக்கினாள். “அந்தப் பக்கம் புடிக்கவாக்கா?”

இருவரும் சேர்ந்து திருகுகளை முடுக்கினார்கள். நிர்மலா நாடா ஏற்றத் தொடங்கினாள். முதல் நாடாவைச் சக்கரத்தில் செருகும்போது அப்பா சொல்கிற மாதிரி “முருகா” என்று சொன்னாள். ஏற்றிக்கொண்டே வீராயியின் இடுப்புக்கு அடியில் இருந்ததைக் கவனித்தாள். பழைய சேலையை முறுக்கி வளையமாகச் சுற்றிய சும்மாடு.

“இது யாரு செஞ்சது?”

“நான்தான்கா. தண்ணிக் கொடம் தூக்கறப்ப தலைக்கு வைக்கறமே, அதையே இடுப்புக்கு வச்சா எலும்பு தரையில படாதேன்னு தோணிச்சு. குதிகாலுக்குச் சின்னதா ரெண்டு பண்ணியிருக்கேன். அதனாலதான் கால்ல இன்னும் புண்ணு வரல.”

நிர்மலா சின்னச் சும்மாடு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குதிகால் பக்கம் நாடாவைத் தளர்த்தினால் முழங்கால் இழுத்துக்கொள்ளும் என்று அப்பா எப்போதும் குறைப்பட்டுக்கொள்வார். அதற்கு வழி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

“கால் பக்கம் நாடாவ இறுக்கி வச்சிட்டு, அதுமேல இத வச்சிரலாம். ராஜ்கமல் அண்ணங்கிட்ட சொல்லணும். மத்த கட்டிலுக்கும் வச்சிக் குடுப்பாரு.”

“இது என்னாக்கா பெரிய விசயம்?”

“உங்கம்மாவும் இப்படித்தான் சொன்னாங்களாம்.”

தாமரைச்செல்வி முதல்முறையாகச் சிரித்தாள். “அம்மா எங்க இதத் தானா கண்டுபுடிச்சிச்சி? முன்ன ஒரு சொல்தா வீட்டுல பாத்திரம் கழுவப் போவும். பிரான்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு. அவருகிட்ட ஒரு மடக்குக் கட்டில் இருந்திச்சாம். ஓரத்துல இருக்கற கயித்தத் தளத்தினா தொய்யுமாம். அதப் பாத்துட்டுத்தான் நாடாவுல செஞ்சிச்சாம். அண்ணன் எம் பேரச் சொல்றாரு, நான் யாரு பேரச் சொல்றது, அந்த சொல்தா பேரு வாயில நொழையலன்னு சிரிக்கும்.”

நிர்மலா அடுத்த நாடாவை எடுத்தாள். யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமலே எத்தனையோ நல்லவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்து சேர்கின்றன. தெரிந்தவரைக்கும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவதுதான் மனிதனால் முடிந்தது. அப்பா அதைச் செய்துவிட்டுத்தான் போயிருந்தார்.

கைப்பையில் போன் அடித்தது. அருள்முருகன்.

“அக்கா, எங்க இருக்க? வூட்டுக்கு வந்தேன், கட்டில காணம்.”

“உப்பளத்துல. வீராயி அத்தை இடுப்பொடிஞ்சு தரையில கிடக்கறாங்கடா. மொதக் கட்டில் அவங்களுக்குத்தான்னு அப்பா சொல்லியிருக்காரு.”

 அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குளித்துக்கொண்டிருக்கும்போதே பேசுகிறான் போலிருந்தது.

“தரையிலயா?” என்றான்.

“தரையிலதான். புண்ணு வந்திருச்சி.”

 காலையில் அப்பாவின் கால்களைப் பிடித்து இறக்கியவன் அவன்தான்.

“எந்த நாடாவ எடுத்துக்கினு போன?”

“அலமாரி மேல இருந்தது.”

“அது பழசுக்கா, சீக்கிரம் நைஞ்சிரும். ராஜ்கமல் அண்ணன் வூட்டுல புதுக்கட்டு இருக்குது. நாளைக்குப் பால் தெளிச்சிட்டு நானே எடுத்தாறேன்.” குழாயை மூடும் சத்தம் கேட்டது. “வேன்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீ இருட்டறதுக்குள்ள வந்துரு.”

கட்டில் தயாரானது. நிர்மலா ஒவ்வொரு நாடாவையும் விரலால் சுண்டிப் பார்த்து, விறைப்பாக இருந்தவற்றை ஒரு பல் குறைத்தாள். வீராயியைப் போர்வையோடு சேர்த்து இருவரும் தூக்கினார்கள். ஒரு குழந்தையின் கனம்தான் இருந்தது. நீட்டியிருந்த காலின் குதிகாலுக்கு அடியில் ஒரு சும்மாட்டை வைத்தார்கள்; மடங்கியிருந்த காலுக்கானதைப் பக்கத்தில் வைத்தார்கள். வீராயி ஏதோ முனகினாள், கண்ணைத் திறக்கவில்லை.

சந்தில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. “தண்ணி வந்துருச்சிக்கா. இப்ப வுட்டா நாளைக்குத்தான்” என்று தாமரைச்செல்வி தயங்கினாள்.

“போய்ப் புடி. நான் இருக்கேன்.”

அவள் குடங்களோடு ஓடினாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் சுவரில் மங்கிக்கொண்டிருந்தது. நிர்மலா கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டு, இடுப்புக்கு நேராக இருந்த நாடாவைத் தேடி, அதன் கொக்கியைத் தூக்கினாள். சக்கரம் இரண்டு பல் பின்னால் சுழன்று நின்றது. நாடா தொய்ந்து கீழே இறங்கியது. வீராயியின் புருவங்களுக்கு நடுவில் விழுந்திருந்த கோடு அப்படியே இருந்தது. நிர்மலா காத்திருந்தாள். வெளியே யாரோ யாரையோ வரிசையில் வரச்சொல்லித் திட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு மறைந்தது. வலிக்குப் பயந்து வயிற்றோடு மடக்கி வைத்திருந்த அடிபடாத காலை, வீராயி தூக்கத்திலேயே, மெல்ல நீட்டினாள்.